கூஜா தொங்கும் கொடி: குடுவைத் தாவரம் பற்றிய கேள்விகளும் பதில்களும்

பெங்களூரில் மாடித்தோட்டம் வைத்திருக்கும் தமிழர்கள் சிலர் மாதம் ஒருமுறை அல்சூரில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் கூடுவது வழக்கம். இந்த மாதம் வந்த ஒருவர், நர்சரியில் வாங்கிய ஒரு தொங்கும் தொட்டியைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதன் இலை நுனிகளில் பச்சையும் சிவப்புமாக ஏழெட்டுக் குடுவைகள் தொங்கின. தக்காளிக்கு வந்த மாவுப்பூச்சியைப் பற்றிப் பேச வந்தவர்கள் அனைவரும் அந்தத் தொட்டியைச் சுற்றியே நின்றுவிட்டார்கள். தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால் கேள்விகள் என் பக்கம் திரும்பின. நேரம் போதாமையால் பலர் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நேரில் சொன்னவற்றையும் சீட்டுகளுக்கான பதில்களையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

ஜீவன்பீமா நகரிலிருந்து ஓர் அம்மா: ஐயா, இலை நுனியில் தொங்குவது பூவா, காயா? காய் என்றால் உள்ளே தண்ணீர் எப்படி வந்தது?

பூவும் அன்று, காயும் அன்று. அது இலையின் ஒரு பகுதி. தண்டிலிருந்து பட்டையாக, நீளமாக ஓர் இலை புறப்படுகிறது. மா இலையைப் போல அது நுனியில் முடிந்துவிடாமல், அதன் நடுநரம்பு மட்டும் இலையைத் தாண்டி ஒரு கம்பியைப் போல நீள்கிறது. பாகற்கொடியின் பற்றுக்கம்பியைப் போலவே இதுவும் பக்கத்தில் இருக்கும் குச்சியைச் சுற்றிக்கொள்ளும். அந்தக் கம்பியின் நுனி முதலில் ஓர் அரிசி அளவில் தட்டையாக, மெல்லிய பழுப்பு ரோமத்தோடு தோன்றி, பிறகு மேல்நோக்கி வளைந்து, நாளுக்கு நாள் உப்பி, இறுதியில் குடுவையாகிறது. குடுவையின் தலையில் இருக்கும் மூடியும் இலையின் பகுதிதான். மூடியின் பின்புறத்தில் ஒரு சிறிய முள் போல நீட்டிக்கொண்டிருப்பதையும் கவனித்திருப்பீர்கள்.

உள்ளே இருக்கும் நீர் மழைநீர் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். ஆனால் மூடி இன்னும் ஒட்டியிருக்கும் பிஞ்சுக் குடுவையைப் பிளந்து பார்த்தால் அதற்குள்ளும் நீர் இருக்கும். குடுவையின் கீழ்ப்பாதி உட்சுவரில் நிறைந்திருக்கும் சுரப்பிகள் அதைச் சுரக்கின்றன. குடுவை முழு அளவுக்கு வளர்ந்த பிறகே மூடி நெகிழ்ந்து மேலே தூக்கிக்கொள்கிறது. அதன்பின் விழும் மழைத்துளிகள் அந்த நீரோடு கலக்கின்றன.

சிவாஜி நகரிலிருந்து ஒருவர்: இதற்குத் தமிழில் என்ன பெயர் சொல்வது?

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் குடுவைத் தாவரம் என்கின்றன. கெண்டிச் செடி, ஜாடிச் செடி என்று சொல்வோரும் உண்டு. எங்கள் வீட்டில் ரயில் பயணத்துக்குத் தண்ணீர் கொண்டுபோன, மூடி போட்ட பித்தளைக் கூஜாவோடுதான் இதன் உருவம் மிக நெருக்கமாக ஒத்துப்போகிறது. கன்னடத்தில் இதை ஹூஜி கிடா என்பார்கள். நம் கூஜாவுக்கு உறவான சொல் அது.

இந்தச் செடி இயல்பாக வளரும் மேகாலயத்தில் வைத்திருக்கும் பெயர்கள் இன்னும் கூர்மையானவை. காரோ மக்கள் இதை மெமாங்-கோக்சி, அதாவது பேயின் கூடை, என்று அழைக்கிறார்கள். காசி மொழியில் இதன் பெயர் அரக்கப் பூ என்று பொருள்படும். பூ இல்லை என்பதைத் தவிர அந்தப் பெயரில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

பிரேசர் டவுனிலிருந்து ஒரு மாணவர்: பூச்சி உள்ளே போனதும் மூடி டப்பென்று மூடிக்கொள்ளும் என்று படித்தேன். உண்மையா, சார்?

உண்மை அன்று. படபடவென மூடிக்கொள்வது வீனஸ் பூச்சிப்பொறி என்ற வேறொரு செடி. குடுவையின் மூடி ஒருமுறை திறந்தால் திறந்ததுதான். அது நிழற்குடையைப் போல வாயின் மேல் கவிந்து நின்று, பெருமழையில் குடுவை நிறைந்து வழிந்துவிடாமல் ஓரளவு காக்கிறது. அதன் அடிப்பக்கத்திலும் தேன் சுரப்பதால் பூச்சியை வாய்க்கு நேர் மேலே வரவழைக்கவும் செய்கிறது. இந்தக் குடுவைச் செடிகளின் அறிவியல் பெயர் நெப்பந்தஸ். அவற்றுள் நெப்பந்தஸ் கிராசிலிஸ் என்ற இனத்தில் இதற்கும் மேலே ஒரு நுட்பம் இருப்பதை 2012-ல் கண்டறிந்தார்கள். மழைக்கு ஒதுங்கி மூடியின் அடியில் தலைகீழாக நிற்கும் எறும்பை, மூடியின் மேல் விழும் மழைத்துளி ஏற்படுத்தும் அதிர்வு குடுவைக்குள் உதறித் தள்ளிவிடுகிறது. அங்கேயும் மூடி தானாக அசைவதில்லை, அசைப்பது மழை.

பொறியின் உண்மையான சூட்சுமம் வாய்விளிம்பில் இருக்கிறது. உங்கள் தொட்டியில் ஒரு குடுவையின் வாயை விரலால் தடவிப் பாருங்கள். வரிவரியாக, பளபளப்பாக, உட்புறம் மடிந்த ஒரு பட்டை வாயைச் சுற்றி ஓடும். அந்த வரிகளுக்கு இடையே மிக நுண்ணிய வாய்க்கால்கள் உள்ளன. காற்று உலர்ந்திருக்கும்போது எறும்பு அதன்மேல் சாதாரணமாக நடந்து, தேனை நக்கிவிட்டுப் போய்விடும். பனியோ மழையோ விழுந்து, அல்லது தேனே ஈரத்தை இழுத்து, விளிம்பு நனைந்துவிட்டால் நீர் அந்த வாய்க்கால்களில் மெல்லிய படலமாகப் பரவிவிடுகிறது. பாசி பிடித்த கிணற்றடிக் கல்லில் கால் வைத்த கதைதான். 2004-ல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை விளக்கிய பிறகே, வழுக்குவது உட்சுவரின் மெழுகு மட்டும்தான் என்ற பழைய எண்ணம் மாறியது.

விளிம்பு எல்லா நேரமும் வழுக்குவதில்லை என்பது குறை என்று தோன்றலாம். பின்னாளில் நடந்த ஓர் ஆய்வு அதற்கு நேர்மாறாகச் சொன்னது. உலர்ந்த வேளையில் தப்பித்துப்போன ஒற்றன் எறும்பு, புற்றுக்குப் போய்ச் சேதி சொல்லி ஒரு படையையே அழைத்துவருகிறது. விளிம்பு நனையும்போது அந்தப் படை மொத்தமாக உள்ளே விழுகிறது. ஒன்றை விட்டுப் பலவற்றைப் பிடிப்பது.

அதே மாணவர்: விழுந்தபின் என்ன நடக்கும்?

மேற்பகுதி உட்சுவரில் உதிரும் மெழுகு இருப்பதால் ஏறிவர முடியாது. கீழே உள்ள நீர் புளிப்பானது. சில இனங்களில் அதன் புளிப்பு எலுமிச்சைச் சாற்றை நெருங்கும். சில இனங்களில் அது கோழையைப் போல இழுபடுவதால் ஈயின் சிறகு அதிலேயே சிக்கிக்கொள்ளும். நெப்பந்தசின் என்று இந்தச் செடியின் பெயராலேயே அழைக்கப்படும் நொதி, புரதத்தை உடைக்கிறது. பூச்சியின் ஓட்டை உடைக்கவும் தனி நொதி உண்டு. கரைந்து வரும் தழைச்சத்தையும் (நைட்ரஜன்) மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) அதே சுவர் உறிஞ்சிக்கொள்கிறது.

ராமமூர்த்தி நகரிலிருந்து ஒருவர்: என் செடியில் கீழே இருக்கும் குடுவைகள் குண்டாகவும், மேலே உள்ளவை ஒல்லியாகவும் இருக்கின்றன. ஒட்டுப்போட்ட செடியை விற்றுவிட்டார்களோ?

உங்களை யாரும் ஏமாற்றவில்லை. ஒரே கொடியில் இரண்டு வடிவங்கள் வருவது நெப்பந்தஸின் இயல்பு. செடி இளமையாகத் தரையோடு இருக்கும்போது வரும் குடுவைகள் அடி பெருத்து, ஏறக்குறைய மண்ணில் உட்கார்ந்திருக்கும். அவற்றின் முன்புறத்தில் மேலிருந்து கீழாக இரண்டு சிறகுகள், ஓரத்தில் நூல் நூலாகக் கிழிந்த விளிம்போடு ஓடும். தரையில் ஊர்ந்துவரும் எறும்புகளுக்கு அவை ஏணியைப் போல அமைகின்றன என்பது பொதுவான கருத்து. கொடி மரங்களைப் பற்றி மேலேறியபின் வரும் குடுவைகள் புனலைப் போல அடி குறுகி, சிறகுகள் வெறும் கோடுகளாகச் சுருங்கி, நிறமும் பெரும்பாலும் வெளிறியிருக்கும். கீழ்க்குடுவையில் பற்றுக்கம்பி முன்பக்கமாக வந்து சேரும், மேற்குடுவையில் பின்பக்கமாக. பழைய தாவரவியலாளர்கள் சிலர் இந்த இரண்டையும் தனித்தனி இனங்களாகவே எழுதிவைத்துவிட்டார்கள் என்றால் உங்கள் ஐயத்தை யார் குறை சொல்வது?

வைட்ஃபீல்டிலிருந்து ஒருவர்: இது எங்கே இயற்கையாக வளர்கிறது? சதுப்பு நிலமா, மழைக்காடா? ஏன் பூச்சி தின்ன வேண்டியதாயிற்று?

இதற்குச் சற்று நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் இயல்பாக வளரும் நெப்பந்தஸ் ஒரே ஓர் இனம்தான்: நெப்பந்தஸ் காசியானா. ஜோசப் டால்டன் ஹூக்கர் 1873-ல் இதற்கு அறிவியல் பெயரிட்டு விவரித்தார். மேகாலயத்தின் காரோ, காசி, ஜைந்தியா மலைகளே இதன் தாயகம். சில நூறு மீட்டர் உயரத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் வரை இது காணப்படுகிறது. அடர்ந்த காட்டின் இருட்டுக்குள் இதைத் தேடினால் கிடைக்காது. காட்டின் ஓரம், புல் மண்டிய சரிவு, மண் சரிந்து பாறை வெளிப்பட்ட இடம், நீர் கசிந்துகொண்டே இருக்கும் சதுப்பு ஆகியவை இதற்கு உகந்த இடங்கள். வெளிச்சமும் ஈரமும் தாராளமாக இருந்து, மண்ணில் சத்து மட்டும் இல்லாத இடம் என்று சுருக்கிக்கொள்ளலாம்.

சத்தில்லாத மண்ணும் பெருமழையும் எப்படி ஓரிடத்தில் சேரும் என்று கேட்பீர்கள். மழைதான் அந்த வறுமைக்கே காரணம். காசி மலையின் தென்சரிவில் உள்ள மௌசின்ராமில் ஆண்டுக்குச் சராசரியாக 11,800 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. பெங்களூரில் ஓராண்டில் பெய்வதைப் போல அது ஏறத்தாழ பன்னிரண்டு மடங்கு. பக்கத்து ஊரான சிரபுஞ்சியில் 1860 ஆகஸ்டு முதல் 1861 ஜூலை வரையிலான பன்னிரண்டு மாதங்களில் 26,461 மில்லிமீட்டர் பதிவாயிற்று. இப்படிப்பட்ட மழை, நீரில் கரையக்கூடிய நைட்ரேட், பொட்டாசியம், சுண்ணாம்பு ஆகியவற்றையெல்லாம் மண்ணிலிருந்து அலசிக்கொண்டு பள்ளத்தாக்குக்குப் போய்விடுகிறது. அரிசியைப் பத்துத் தண்ணீர் விட்டுக் கழுவினால் அதில் என்ன மிஞ்சும்? மிஞ்சுவது புளிப்பேறிய, இரும்பும் அலுமினியமும் மிகுந்த மண். சதுப்பாக இருந்தால் அங்கே காற்றோட்டம் இல்லாததால் மட்கும் வேலையும் மெதுவாகவே நடக்கும். செத்த இலையிலுள்ள தழைச்சத்து வேருக்குத் திரும்பி வராது.

இத்தகைய மண்ணில், வேர் கொடுக்காததை இலை தேடிக்கொள்கிறது. ஆனால் குடுவை என்பது இலவசமாக வருவதில்லை. தட்டையான இலையோடு ஒப்பிட்டால் குடுவை வெயிலைச் சமைத்து உணவாக்குவதில் மிகவும் மந்தம். அதைக் கட்டுவதற்கும் சுரப்பிகளை இயக்குவதற்கும் செலவு அதிகம். வெளிச்சமும் நீரும் குறையில்லாமல் கிடைத்து, தழைச்சத்து மட்டுமே முட்டுக்கட்டையாக இருக்கும் இடத்தில்தான் இந்தச் செலவு கட்டுப்படியாகும். வறண்ட நிலத்திலோ, இருண்ட காட்டிலோ, சத்தான வயலிலோ குடுவை வைத்த செடி, வைக்காத செடியிடம் தோற்றுப்போகும். ஆகவே இந்தச் செடியின் உருவத்தையும் அது வாழும் இடத்தையும் தனித்தனிப் பாடங்களாக நான் ஒருபோதும் நடத்தியதில்லை.

இதற்குக் கண்ணால் காணக்கூடிய சான்று அமெரிக்கக் குடுவைச் செடியான சாரசீனியா பர்பூரியாவில் கிடைத்தது. அதற்குத் தழைச்சத்தைக் கூட்டிக் கொடுத்தபோது, புதிதாக வந்த இலைகளில் குடுவையின் வயிறு சுருங்கி, பட்டையான பகுதி அகன்றது. பசி குறைந்ததும் செடி பொறியைச் சிறிதாக்கிவிட்டு, வெயிலைப் பிடிக்கும் இலையைப் பெரிதாக்கிக்கொண்டது.

மல்லேசுவரத்திலிருந்து ஒருவர்: மழைதான் கணக்கென்றால், நம் ஆகும்பேயிலும் கொட்டித் தீர்க்கிறதே. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏன் இது இல்லை?

நல்ல கேள்வி, வகுப்பில் கேட்டிருந்தால் கூடுதல் மதிப்பெண் கொடுத்திருப்பேன். மேற்குத் தொடர்ச்சி மலையில் நெப்பந்தஸ் இயல்பாக வளரவில்லை. ஒரு செடியின் முகவரியை மழையின் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை; அந்த வம்சம் எந்த வழியாகப் பரவி வந்தது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. நெப்பந்தஸின் பெருங்கூட்டம் போர்னியோ, சுமத்திரா, பிலிப்பைன்ஸ் ஆகிய தீவுகளில் இருக்கிறது. மேகாலயம், இலங்கை, சீசெல்ஸ், மடகாஸ்கர் ஆகிய இடங்களில் ஒன்றிரண்டு இனங்கள் மட்டும் தனித்து நிற்கின்றன. இலங்கையின் இனமான நெப்பந்தஸ் டிஸ்டில்லடோரியாவைச் சிங்களத்தில் பாந்துரா என்பார்கள். தென்மேற்கு இலங்கையின் ஈரப்பகுதியில், சிங்கராஜக் காட்டின் ஓரங்களில் அது புதர்களின்மேல் படர்ந்து கிடக்கும். 1753-ல் லின்னேயஸ் நெப்பந்தஸ் என்ற பெயரோடு விவரித்த இனமும் அதுவே.

நம் மலைகளில் இதே தொழிலைச் செய்பவை சிறு செடிகள். மழைக்காலத்தில் செம்பாறைத் தளங்களில் நீர் தேங்கும்போது யூட்ரிகுலேரியா ஊதா நிறப் பூக்களாக விரிந்து, மண்ணுக்கடியில் கண்ணுக்குத் தெரியாத பைகளால் நுண்ணுயிர்களை உறிஞ்சுகிறது. நீலகிரியின் புல்வெளிகளில் டிரோசீரா பசைத்துளிகளோடு நிற்கிறது. யூட்ரிகுலேரியா இனங்களில் பல மழை முடிவதற்குள் விதைத்துவிட்டு மடிந்துவிடும். உதகையின் டிரோசீராவோ கிழங்காக மண்ணுக்குள் ஒடுங்கிக் காத்திருக்கும். பல ஆண்டுகள் வாழும் கொடியான நெப்பந்தஸுக்கு அப்படி ஒளிந்துகொள்ளத் தெரியாது.

இந்திரா நகரிலிருந்து ஒருவர்: இணையத்தில் தேடினால் தரையிலிருந்து நாதஸ்வரம் போல நிமிர்ந்து நிற்கும் குடுவைகளின் படங்கள் வருகின்றன. அவையும் இதே செடியா?

இல்லை. அவை வட அமெரிக்காவின் சாரசீனியா. தண்டோ பற்றுக்கம்பியோ இல்லாமல், மண்ணிலுள்ள கிழங்கிலிருந்து ஒவ்வோர் இலையும் நேராக ஒரு குழலாகவே எழுந்து நிற்கும். கிழக்கு அமெரிக்காவின் ஈரமான பைன் புல்வெளிகளும் புளிப்பான சதுப்புகளும் அவற்றின் இடம். அங்கே அவ்வப்போது பரவும் தீ, புதர்களை எரித்து வெளிச்சத்தைத் திறந்துவிடுவதால்தான் அவை பிழைக்கின்றன. நான் மேலே சொன்ன பர்பூரியா இனம் கனடாவின் பனிப்பிரதேசம் வரை போகிறது; நியூபவுண்ட்லாந்தின் மாநில மலர் அதுவே. கலிபோர்னியா, ஒரிகான் பகுதிகளில் வளரும் டார்லிங்டோனியா, படமெடுத்த நல்ல பாம்பைப் போலத் தலை கவிழ்ந்து, இரட்டை நாக்கை நீட்டிக்கொண்டு, குளிர்ந்த நீர் ஓடும் ஓடைக்கரைகளில் நிற்கும். அதன் தலைக்கூரையில் வெளிச்சம் ஊடுருவும் வெள்ளைத் திட்டுகள் உண்டு. வெளியேறும் வழி என்று நினைத்து ஈ அவற்றிலேயே முட்டிமுட்டிச் சோர்ந்து விழும். வெனிசுவேலாவின் தட்டைத்தலை மலைகளில் வளரும் ஹீலியாம்ஃபோராவுக்கு மூடிக்குப் பதில் கரண்டி போன்ற ஒரு சிறு நுனி மட்டுமே உள்ளது. ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில், கணுக்கால் உயரத்துக்கு மேல் போகாத செஃபலோட்டஸ் இருக்கிறது.

சாரசீனியா, டார்லிங்டோனியா, ஹீலியாம்ஃபோரா மூன்றும் ஒரே குடும்பம். செஃபலோட்டஸுக்கும் நெப்பந்தஸுக்கும் அந்தக் குடும்பத்தோடும் உறவில்லை, தமக்குள்ளும் உறவில்லை. ஏழை மண் எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம், ஒன்றைப் பார்த்து மற்றொன்று செய்யாமலே, இலை குழிந்து பாத்திரமாகியிருக்கிறது. தாவரவியலில் எனக்கு அலுக்காத செய்தி இது.

காக்ஸ் டவுனிலிருந்து ஒரு சிறுமி: தாத்தா, பெரிய குடுவை எலியைத் தின்னுமா? எங்கள் வீட்டுப் பூனைக்குட்டியை?

பூனைக்குட்டிக்கு ஆபத்து இல்லை, கண்ணே. போர்னியோவில் கினபாலு மலையில் நெப்பந்தஸ் ராஜா என்ற செடி இருக்கிறது. அதன் பெரிய குடுவை மூன்று லிட்டருக்கு மேல் நீர் கொள்ளும். அதில் எலி மூழ்கிக் கிடந்ததை 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். ஆனால் அது விபத்து. மர மூஞ்சூறு என்ற பிராணி அந்தக் குடுவையின் வாயில் உட்கார்ந்து மூடியின் தேனை நக்கும். நக்கிக்கொண்டே குடுவைக்குள் புழுக்கை போட்டுவிட்டுப் போகும். செடிக்கு அதுவே எரு. அதே போர்னியோவில் நெப்பந்தஸ் ஹெம்ஸ்லியானாவின் குடுவைக்குள் சிறிய வௌவால் பகலில் தூங்கிவிட்டு, எச்சத்தை வாடகையாகக் கொடுத்துவிட்டுப் போகிறது. நெப்பந்தஸ் ஆம்புல்லேரியா மரத்திலிருந்து உதிரும் சருகுகளைத் தன் குடுவைகளில் வாங்கிக்கொள்வதால், அதன் மூடி பின்னால் மடிந்து, வாய் வானத்தைப் பார்த்துத் திறந்தே இருக்கும்.

கம்மனஹள்ளியிலிருந்து ஒருவர்: டெங்கு காலத்தில் இதை வீட்டில் வைப்பது சரியா? கொசு முட்டையிடாதா?

இயற்கையில் குடுவை நீரிலேயே வாழப் பழகிய கொசுப் புழுக்கள் உண்டு. வீட்டில், மழைநீர் நிறைந்து நீர்த்துப்போன பழைய குடுவைகளை வெட்டிவிடுங்கள். அதைவிட முக்கியமாக, தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கவிடாதீர்கள்.

எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஒருவர்: பெங்களூரும் 900 மீட்டர் உயரத்தில்தானே இருக்கிறது. ஆனாலும் நான் வாங்கி வந்தபின் புதிய இலைகளில் குடுவையே வரவில்லை. உரமும் போட்டேன்.

உயரம் ஒத்துப்போகிறது, காற்றின் ஈரம் ஒத்துப்போகவில்லை. மார்ச், ஏப்ரல் மாதங்களில் நம் ஊர்க் காற்று அப்பளம் காயவைக்க உகந்தது. அப்போது பற்றுக்கம்பியின் நுனி அரிசி அளவிலேயே கருகிவிடும். நிழலில் வைத்தாலும் குடுவை வராது. நீங்கள் தொட்டி மண்ணில் போட்ட உரம் மேலும் கெடுதல் செய்திருக்கும். இந்த வேர்கள் உப்பைத் தாங்கப் பழகியவை அல்ல. ஆழ்குழாய்க் கிணற்று நீரை ஊற்றுவதும் அதே காரணத்தால் கூடாது. மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள். ஸ்பாக்னம் பாசியும் பெர்லைட்டும் கலந்து, அல்லது பலமுறை அலசிய தென்னை நார்க்கழிவில் நட்டு, காலை வெயில் படும் இடத்தில், மற்ற தொட்டிகளுக்கு நடுவே தொங்கவிடுங்கள். ஜூன் மழை தொடங்கியதும் கவனியுங்கள்.

கூட்டத்துக்கு வந்த செடி மேகாலயத்தின் காசியானா அன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். நர்சரிகளில் கிடைப்பவை பெரும்பாலும் வென்ட்ராட்டா, மிராண்டா போன்ற கலப்பினங்கள். தொட்டியில் பிழைப்பதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்டவை.

பானஸ்வாடியிலிருந்து ஒரு தம்பதி: டிசம்பரில் ஷில்லாங் போகிறோம். காட்டில் பார்க்க முடியுமா? ஒரு கிளை கொண்டுவரலாமா?

பார்க்கலாம், கொண்டுவரக் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கும் மிகச் சில தாவரங்களில் இது ஒன்று. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற உலக உடன்படிக்கையிலும் மிகக் கடுமையான முதல் இணைப்பில் இருக்கிறது. அழகுக்காகப் பிடுங்கி விற்றதும், சுரங்கங்களும், வாழிடம் துண்டாடப்பட்டதும் சேர்ந்து இதை அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்திருக்கின்றன.

ஷில்லாங்கிலிருந்து ஜோவாய் வழியாக டவ்கிக்குப் போகும் சாலையில் ஜராயின் என்ற ஊர் வரும். அந்தப் பகுதியின் சதுப்பு நிலங்கள் இந்தச் செடிக்குப் பெயர்பெற்றவை. தெற்கு காரோ மலையில் பாக்மாராவில் இதற்கென்றே ஒரு சிறிய சரணாலயம் உள்ளது. பால்பக்ரம், நோக்ரெக் தேசியப் பூங்காக்களிலும் வளர்கிறது. டிசம்பர் உலர்ந்த மாதம். பழைய குடுவைகள் பல மேலிருந்து காய்ந்து பழுப்பேறியிருக்கும். மழை ஓயும் தறுவாயில் போனால் செழிப்பாகப் பார்க்கலாம். நான் முதன்முதலில் பார்த்தபோது புல்லோடு புல்லாகப் பச்சைக் குடுவைகள் கலந்திருந்ததால், உள்ளூர் இளைஞர் ஒருவர் சுட்டிக்காட்டும்வரை அவற்றின் நடுவிலேயே நின்றுகொண்டிருந்தேன். படங்களில் வரும் இரத்தச் சிவப்பை எதிர்பார்த்துப் போகாதீர்கள். காசியானாவின் குடுவை பெரும்பாலும் பச்சை. வாய்விளிம்பிலும் மூடியிலும் சிவப்பு ஏறியிருக்கலாம்.

அந்தப் பச்சை நமக்குத்தான் பச்சை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திருவனந்தபுரத்தை அடுத்த பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் ஆராய்ச்சி நிலையத்தினர், புற ஊதாக் கதிரில் இந்த வாய்விளிம்பு நீல வளையமாக ஒளிர்வதை 2013-ல் வெளியிட்டார்கள். எறும்பும் ஈயும் பார்க்கும் குடுவை வேறு.

ஆஸ்டின் டவுனிலிருந்து ஓர் அம்மா: குடுவை பூ இல்லை என்றால், உண்மையான பூ எங்கே?

கொடி முதிர்ந்தபின் உச்சியிலிருந்து ஒரு நீண்ட கதிர் எழும். அதில் இதழ் என்று சொல்லத்தக்கது இல்லாத சின்னஞ்சிறு பூக்கள் நிறைந்திருக்கும். ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. ஆகவே காட்டில் கொடிகள் குறைந்து ஒன்றுக்கொன்று விலகிப்போனால் விதை பிடிப்பதும் குறையும். விதைகள் நூலைப் போல மெல்லியவை. காற்றில் பறந்து போகும்.

கே.ஆர். புரத்திலிருந்து ஓர் ஆசிரியை: பிள்ளைகளுக்கு வகுப்பில் ஒரு குடுவையை வெட்டிக் காட்ட நினைக்கிறேன். எப்படிச் செய்வது, ஐயா?

மூடி காயத் தொடங்கிய பழைய குடுவையாகப் பார்த்து எடுங்கள். செடிக்கு இழப்பு இல்லை, அடியிலுள்ள தட்டையான இலை பச்சையாகவே இருந்து வேலை செய்யும். முதலில் நீரை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றிவிடுங்கள். பிறகு சவரக் கத்தியால் வாயிலிருந்து அடிவரை நெடுக்காகப் பிளந்து, இரண்டு பாதிகளையும் வெயிலில் விரித்து வைத்தால், விளிம்பின் வரிகள், அதன் கீழே சாம்பல் பூத்தது போன்ற மெழுகுப் பகுதி, அதற்கும் கீழே புள்ளிபுள்ளியாகச் சுரப்பிகள் பளபளக்கும் பகுதி ஆகியவற்றைக் கைலென்ஸ் இல்லாமலே பிரித்துக் காட்டலாம். சில கலப்பினங்களில் மெழுகுப் பகுதி மிகக் குறுகியிருக்கும். தெரியாவிட்டால் வேறொரு குடுவையை முயலுங்கள். தட்டில் ஊற்றிய நீரை வீசிவிடாதீர்கள். அடியில் கறுப்பாகப் படிந்திருப்பதை ஒரு தூரிகையால் விலக்கி, பிள்ளைகளை எறும்புத் தலைகளை எண்ணச் சொல்லுங்கள். உடல் கரைந்துவிட்டாலும் தலைகள் கரையாமல் கிடக்கும்.